சங்கைத் திருடியவர் தலைமை தாங்குவார்

அந்தச் சங்கைத் திருடியவன் நான்தான்.

நேராகச் சொல்லிவிட்டேன். கொலை, கொள்ளை, காதல் துரோகம் என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். கட்டைவிரல் அளவு ஒரு சங்கு, அவ்வளவுதான். பழுப்பு உடம்பில் வெள்ளை வரி. உள்ளே யாரும் குடியில்லை.

ஆனால் திருட்டோடு நின்றேனா? இல்லை... அதை இன்னொருவர் பையில் போட்டேன். அங்கேயாவது நின்றேனா? அதுவும் இல்லை! எடுத்தவர் அவர்தான் என்று ஒப்புதல் கடிதமும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். முத்து முத்தான கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதித் தருவேன். கலசப்பாக்கத்திலிருந்து மலையேறி இருபது வருடங்கள் ஆகின்றன. ‘ஐயா, நான் மேற்படி கிராமத்தில் வசித்து வருகிறேன்’ என்று எத்தனையோ ஆயிரம் தாள்களில் எழுதியிருப்பேன். அதில் ஒரு ‘நான்’கூட நானில்லை. மிச்ச நேரத்தில் சிறு பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை. வயது ஐம்பத்து மூன்று. வீட்டு அலமாரியில் கடல் பற்றி மட்டும் ஏழெட்டுப் புத்தகங்கள். இந்தச் சங்கு விவகாரத்துக்கு முன் கடலை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் கால் நனையாத தூரத்தில் நின்று.

அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தமான் பயணம் வாய்த்தது!

எங்கள் ஊர் வனக்குழுவுக்குக் கண்டுணர்வுப் பயணம் என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். காட்டைக் காக்கும் மலைக்காரர்கள் போய், கடலைக் காக்கும் தீவுக்காரர்களைப் பார்த்துவர வேண்டுமாம். கடல் தேசியப் பூங்கா. மனிதர் யாரும் குடியிருக்காத தீவு. குழுவில் பத்துப் பேர். தீர்மான நோட்டு எழுதுகிறவன் என்ற முறையில் பதினோராவதாக நான் தொற்றிக்கொண்டேன்.

அந்தப் பத்துப் பேரில் இருவரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் வெள்ளையன். சாமை விதைப்பவர், பத்துப் பன்னிரண்டு புளியமரம் உள்ளவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கோடையில் மலையில் எங்கே புகை தெரிந்தாலும் பச்சைத் தழைக்கொத்தை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவர். சொந்த மச்சான் ஒரு வேங்கை மரத்தை வெட்டியபோது, அவனைக் குழு முன்னால் நிறுத்தி, பதிலுக்கு நாற்பது கன்று நட வைத்தவர். அந்த மச்சான் வீட்டில் இன்றுவரை அவருக்குச் சொம்புத் தண்ணீர் கிடையாது. பயணம் முடிந்து வந்ததும் குழுவுக்குப் புதுத் தலைவர் தேர்வு. அது வெள்ளையன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கும் அந்த ஆசை இருந்தது, ஒளிக்கத் தெரியாத ஆசை.

“தலைவரானா மொத வேலையே ஓடைக்கு அந்தாண்ட தீத்தடுப்புக் கோடு போடறதுதான் சார்” என்று கப்பலில் மூன்று நாளும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மூன்று நாளும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேச வழியில்லை.

இன்னொருவர் அவர் மனைவி பச்சியம்மா. அவரும் குழு உறுப்பினர். கப்பலையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “இத்தினி இரும்பு மெதக்குது. நீங்க ஒரு ஆளு நிக்க முடியலியா சார்?” என்று கேட்டவர்.

தீவுக்கு எங்களை அழைத்துப்போனவர் பூங்காவின் வனக்காவலர். தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்ட தமிழ்க் குடும்பம். படகின் அடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து குனிந்து பார்க்க வேண்டும்.

நான் என்னத்தைச் சொல்ல! புத்தகத்தில் படித்ததெல்லாம் பொய் என்று தோன்றியது. மனித மூளையை எடுத்து வைத்தாற்போல் ஒரு பவளம். மான்கொம்பு மாதிரி ஒன்று. பெட்டி மாதிரி வாயைத் திறந்து, ஊதா உதடு தெரிய உட்கார்ந்திருந்த ஒரு ராட்சதச் சிப்பி. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் கூட்டமாக வந்து, பவளப் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன.

“அந்த மீனு பாறையைக் கடிச்சுத் தின்னும். தின்னது வெளிய மணலா வரும். இந்தக் கரையில கெடக்கிற வெள்ளை மணல்ல பாதி அதுங்க போட்டதுதான்” என்றார் காவலர்.

பச்சியம்மா நிமிர்ந்தார். “அப்போ நாம காலையில அதும்மேலயா குந்திகினு சோறு துன்னோம்?”

படகே குலுங்கிச் சிரித்தது. அடுத்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். எல்லாம் ஆணாகத்தான் பிறக்குமாம். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். அது செத்தால், புருஷனாக இருந்தது பெண்ணாக மாறிவிடும் என்றார் காவலர்.

“கேட்டியா?” என்று பச்சியம்மா புருஷனை முழங்கையால் இடித்தார். “நான் போனா நீ பொம்பளயாயிடணும். ஒரே ஒரு நாளு களி கிண்டிப் பாரு, தெரியும்.”

“நீ போனாத்தானே? எங்க போற நீ!” என்றார் வெள்ளையன், கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமல்.

எவ்வளவு நல்ல காலை அது! அதை நான்தான் கெடுத்தேன்...

கரையில் நடந்தபோது ஒரு சங்கு தானாக நகர்ந்து போயிற்று. உள்ளே நண்டு. காவலர் உட்கார்ந்து விளக்கினார். “இந்த நண்டுக்குப் பின்பக்கம் ஓடு கெடையாது. செத்த சங்கைத் தேடிப் புகுந்துக்கும். வளர வளரப் பெரிய சங்கா மாத்திக்கும். அதனாலதான் காலிச் சங்கைக்கூட எடுக்காதீங்கன்னு சொல்றோம். உங்களுக்குக் காலி. அதுக்கு வூடு.”

வெள்ளையன் தலையாட்டினார். “எங்க காட்டுல பட்டுப்போன மரம் மாதிரி சார். வெறகுதானேன்னு வெட்டுவாங்க. பொந்துல கிளி, ஆந்த எல்லாம் குஞ்சு வெச்சிருக்கும்.”

காவலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த பயணத்தின் நோக்கம் அந்த ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துக் குனிந்தால், என் செருப்பின் பக்கத்தில் அந்தச் சங்கு.

ஏன் எடுத்தேன்? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கடையில் மின்விசிறிக்கு மனுக்கள் பறக்கும், மேலே வைக்கலாம் என்றா? வருகிறவர்கள் ‘இது எங்கே கிடைத்தது சார்’ என்று கேட்க வேண்டும் என்றா? இரண்டும்தான். சட்டம் தெரியாதவன் இல்லை. நண்டின் கஷ்டம் தெரியாதவனும் இல்லை; ஒரு நிமிடம் முன்புதான் அதை உருக்கமாக எழுதியிருந்தேன். எழுதிவிட்டால் நமக்குப் பொருந்தாது என்று ஓர் எண்ணம் எழுதுகிறவர்களுக்கு உண்டு. எல்லோருக்கும் உண்டோ என்னவோ, எனக்கு உண்டு.

திரும்பிப் படகேறும் துறையில் பைகளைச் சோதித்தார்கள். வரிசை. சட்டைப்பையில் சங்கு. என் இதயம் அடித்த அடியில் அதுவே ஊதிவிடுமோ என்று பயமாக இருந்தது!

அப்போது பச்சியம்மா, “சார், பைய கொஞ்சம் பாத்துக்குங்க. கால் கழுவிகினு வந்துர்றேன்” என்று போனார். வெள்ளையன் ஏற்கெனவே தண்ணீரோரம் நின்றிருந்தார். புருஷன் பெண்சாதி இருவருக்கும் ஒரே துணிப்பை. அது என் காலடியில்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்தேன். போட்டேன்.

எங்கள் மலைக்காரர்கள் யாரும் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டுவார்கள். சந்தனக்கட்டைக் கடத்தல் காலத்தில், மலையிறங்கும் புளி மூட்டைகளைச் சோதனைச் சாவடியில் கம்பியால் குத்திப் பார்த்ததைக் கண்டு வளர்ந்த உடம்புகள். அந்தப் பழக்கம் போகவில்லை. பச்சியம்மா மட்டும் அன்று சந்தோஷமாகத் திறந்தார்.

“நல்லா பாருங்க சார். இது மந்தார எலத் தட்டு, இது மிச்ச சாம உருண்ட, இது என் சீல. எங்க மலையிலயே ஒரு சுள்ளி எடுக்காதவ, இங்க வந்தா எடுக்கப்போறேன்?” என்று சேலையை உதறினார்.

சங்கு பலகையில் விழுந்து, மூன்று உருளல் உருண்டு நின்றது.

காவலர் முகத்தில்தான் அவமானம் அதிகம் தெரிந்தது. பிறகு இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன.

“நான்தான் எடுத்தேன்.”

“நான்தான் சார், நான்தான்.”

பச்சியம்மா வெள்ளையனைப் பார்த்தார். வெள்ளையன் பச்சியம்மாவைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“அவ பேச்ச எடுத்துக்காதீங்க. எடுத்தது நான்” என்று வெள்ளையன் முன்னால் வந்து நின்றார். காவலர் நல்ல மனிதர். வழக்கு எல்லாம் வேண்டாம், அறியாமல் எடுத்துவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், சங்கை நானே கரையில் போட்டுவிடுகிறேன் என்றார்.

எங்கள் பத்துப் பேரில் ஒருவனான ஜீப் டிரைவர் கோவிந்தன் உற்சாகமாகக் கத்தினான்: “எழுதறதுக்கு இன்னா கவல? அதான் சார் கீறாரே!”

எழுதினேன்... ‘ஐயா, நான் இத்தீவின் கரையில் கிடந்த சங்கு ஒன்றை எடுத்தது உண்மை. அது தவறு என்று உணர்கிறேன். இனி இவ்வாறு நடவாது.’ என் வாழ்க்கையில் ‘நான்’ என்று எழுதிய இடத்தில் நானே இருந்த ஒரே கடிதம் அது. கீழே வெள்ளையன், எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பியதும் கூட்டம் கூடியது. வெள்ளையன் எழுந்து நின்று, “நான் நிக்கல. ஒரு சங்குக்குக் கைய நீட்டினவன் எந்த மூஞ்சிய வெச்சிகினு வெறகு வெட்டாதேன்னு சொல்றது?” என்றார். விலக வேண்டாம் என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். மச்சான் மட்டும் போடவில்லை. வெள்ளையன் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, என்னைக் காட்டினார்.

“சார் இருக்கட்டும். படிச்சவரு. கை சுத்தம்.”

கை சுத்தம்! பூமி பிளந்திருக்கலாம். அது பிளக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. மாலை ஒன்று தயாராக இருந்தது. கழுத்தை நீட்டினேன்.

இரண்டு வருடம் தலைவராக இருந்தேன். எப்படிப்பட்ட தலைவர் என்கிறீர்கள்? மலையில் தீ என்று தகவல் வரும். வெள்ளையன் தழைக்கொத்தோடு ஓடுவார். நான் அரை மணி கழித்து, மூச்சிரைக்க, தீர்மான நோட்டோடு போய்ச் சேர்வேன். அவர் அணைத்த தீயை நான் பதிவு செய்வேன். ஓடைக்கு அந்தப்பக்கம் தீத்தடுப்புக் கோடு இன்னும் போடவில்லை. அந்த இடம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, கேட்க வெட்கம்.

சொல்லிவிடலாம் என்று தொடங்காமல் இல்லை. ஒரு சந்தை நாளில் பச்சியம்மா கடைக்கு வந்தார், ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க. கடையில் வேறு ஆளில்லை. “அக்கா, அந்தச் சங்கு விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

“அய்ய, அத்த ஏன் சார் கேக்கறீங்க!” என்று அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் எடுத்தேன்னு சொன்னது சும்மா. அவருதான் எடுத்தாரு. யாருக்கு எடுப்பாரு? எனக்குத்தான். கட்டிகினு வந்து முப்பது வருசம் ஆச்சு. ஒரு பூவு, ஒரு ரிப்பனு... ஒண்ணு வாங்கியாந்ததில்ல அந்த மனுசன். தப்புதான். ஆனா எனக்குன்னு கேக்காம எடுத்த ஒரே பொருளு சார் அது. அதான் நான் அவரண்ட ஒரு வார்த்த கேக்கல. ‘எங்க வூட்டுக் கடல் திருடரே, வா துன்ன’ன்னு கூப்புடுவேன். அவரும் தலைய குனிஞ்சிகினு சிரிப்பாரு.”

ஜெராக்ஸ் எந்திரம் ஓடி நின்றது. இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வேன்?

அதே வாரம் வெள்ளையன், காட்டுப் பாதையில் என் பக்கத்தில் நடந்தபோது, தானாகவே சொன்னார். “அவதான் சார் எடுத்தா. ஒண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேக்காதவ. போயும் போயும் ஒரு சங்குக்கு ஆசப்பட்டுட்டா. அத்தப் போய்க் கேட்டு அவள சின்னதாக்கணுமா? என் பேருலயே இருந்துட்டுப் போவட்டும்.”

புரிகிறதா உங்களுக்கு? என் திருட்டை நடுவில் வைத்து, அவளுக்குத் தெரியாமல் இவரும் இவருக்குத் தெரியாமல் அவளும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்! நான் உண்மையைச் சொன்னால் வெள்ளையனுக்கு நாற்காலி திரும்பும். பச்சியம்மாவிடம் இருக்கும் ஒரே பரிசு போய்விடும். இதை ஒரு நல்ல சாக்காகப் பிடித்துக்கொண்டேன். மனச்சாட்சிக்குக்கூட மனு எழுதித் தரத் தெரிந்தவனல்லவா நான்?

போன மாதம் என் பதவிக்காலம் முடிந்தது. கூட்டம், ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். மறுபடி சாரே இருக்கட்டும் என்று முதல் ஆளாகச் சொன்னவர் வெள்ளையன்தான். அந்த வருடக் கோடையில் தீயணைக்கப் போய் அவர் முழங்கையில் பட்ட தழும்பு, கையைத் தூக்கியபோது தெரிந்தது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

எழுந்து நின்றேன். “எனக்கு இந்தப் பதவி வேண்டாம். தீவில் அந்தச் சங்கை எடுத்தது வெள்ளையண்ணன் இல்லை. நான். நான்தான் எடுத்து, அவங்க பையில் போட்டேன்.”

அப்புறம் கோவிந்தன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான்.

“அட்ரா! மூணாவது ஆளும் வந்துட்டாரு! ஒரு சங்குக்கு எத்தினி திருடன்டா! நாளைக்கு நானும் ஒத்துக்கிறேன், எழுதிக்குங்க!”

கட்டடம் இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். இருபது வருடம் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்களே என்று பெருமைப்பட்டவன் நான். அன்றும் சிரித்தார்கள். வெள்ளையன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சிரிப்பில் பாதி, அழுகையில் பாதி.

“எங்க பேர காப்பாத்த உங்க பேர கெடுத்துக்கப் பாத்தீங்களே சார்... இதுக்குத்தான் சொல்றேன், நீங்கதான் இருக்கணும்.”

நான் அடித்துச் சொல்லியிருக்கலாம். எந்தச் சட்டைப்பை, எந்த நிமிடம், பை யார் காலடியில் இருந்தது... எல்லாம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

சிரிப்பு வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. சங்கு எடுத்ததைவிட, பையில் போட்டதைவிட, அந்தச் சிரிப்பு... ‘அப்பாடா, நம்பவில்லை’ என்று உள்ளே ஒரு நிம்மதி. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

பின்வரிசையில் பச்சியம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கெட்டில் சாய்ந்தபடியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தார், எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல. துறையில், கால் கழுவப் போகும்முன் பையை யாரிடம் விட்டோம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“உக்காருங்க சார். டீ ஆறிடும்” என்றார். அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகும் சந்தை நாளில் கடைக்கு வருகிறார். பேசுகிறார், என் தொப்பையைக் கிண்டல் செய்கிறார், முருங்கைக்கீரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். போன வாரம் வெள்ளையனும் கூட வந்திருந்தார். கிளம்பும்போது பச்சியம்மா வாசலில் நின்று, “நேரமாச்சு, வாய்யா” என்று கூப்பிட்டார்.

வெறுமனே ‘வாய்யா’. ‘கடல் திருடரே’ இல்லை. வெள்ளையன் தலையைக் குனிந்து சிரிக்கத் தயாராக ஒரு கணம் நின்றார். வேறொன்றும் வராததால், அப்படியே அவர் பின்னால் போனார்.

போய்ச் சேர வேண்டியவரிடம் என் உண்மை போய்ச் சேரவில்லை. போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

வருகிற ஞாயிறு வனக்குழுக் கூட்டம். அழைப்பிதழை நானே டைப் செய்து, நானே ஐம்பது பிரதி எடுத்தேன். தலைமை: அடியேன்.